சிரிப்பூட்டும் பழந்தலைப்புகள்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோவை அவிநாசிச் சாலையில் பேருந்தேறிச் செல்வோர் காதில் ஒரு பெயர் விழாமற் போவதில்லை. இலக்குமி ஆலையைக் கடந்து பீளமேட்டை நோக்கிப் பேருந்து விரையுங்கால், நடத்துநர் உரத்த குரலில் ‘நவ இந்தியா! நவ இந்தியா!’ என்று கூவுவார். அங்கு இறங்குவோர் இறங்குவர், ஏறுவோர் ஏறுவர். அஃது ஊரின் பெயருமன்று, தெருவின் பெயருமன்று. கோவையிலிருந்து ஒருகால் வெளிவந்த நாளிதழ் ஒன்றின் பெயர் என்பதை அவருள் எத்துணைப் பேர் அறிவர்? இதழ் நின்று போயிற்று, அச்சுப்பொறியும் ஓய்ந்தது. நின்று போன இதழுக்குப் பேருந்து நிற்குமிடமே நினைவுச் சின்னமாயிற்று. ‘நவ’ என்றால் ‘புதிய’ என்று பொருள். புதுமையைப் பறைசாற்ற வைத்த அப்பெயர் இன்று கோவையின் பழம்பெயர்களுள் ஒன்றாகிவிட்டது!

நாளிதழின் வாழ்வு ஒருநாள் வாழ்வு. காலையில் அரசியலைப் பேசும். மாலையில் கடலைப் பொட்டலமாகும். ஆயினும் அத்தாளின் நெற்றியில் பெரிய எழுத்தில் பதித்த தலைப்பு மட்டும் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. அது மக்கள் நாவில் ஏறிக் கொள்கிறது. திண்ணைப் பேச்சில் கலந்து விடுகிறது. ஆகலின், பழைய நாளிதழ்த் தலைப்புகளைப் புரட்டிப் பார்ப்பது, ஒரு மொழியின் பழைய ஒளிப்படங்களைப் புரட்டிப் பார்ப்பதனை ஒக்கும். முதலில் சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின், ‘இந்தச் சிரிப்பு எப்படி வந்தது?’ என்னும் வினா எழும். அவ்வினாவே இப்பொழிவின் பொருள்.

எண்பது, தொண்ணூறு ஆண்டுகட்கு முன்னர் வெளிவந்த நாளிதழ்த் தமிழில் ஒரு தலைப்பை அமைத்துக் காட்டினால் எவ்வாறிருக்கும்? அக்காலச் சொற்களையே கோத்து அமைத்த மாதிரி இது: ‘கோயமுத்தூர் ஜில்லா மகாநாடு. அக்கிராசனாதிபதி ஸ்ரீமான் அவர்களின் உபந்நியாசம். காரியதரிசி ராஜினாமா. அபேட்சகர்கள் விஜயம்.’ இதனை இற்றைப் பள்ளிச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்தால் என்ன நேரும்? கொங்கு நாட்டுத் திண்ணை ஒன்றில் அமர்ந்திருக்கும் தாத்தாவையும் பெயரனையும் மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள்.

“ஏனுங் அப்புச்சி, அபேட்சகருன்னா யாருங்க? கோயில் அர்ச்சகருங்களா?”

“அர்ச்சகர் இல்லைச் சாமி. ஓட்டுக் கேட்டு ஊடூடா வந்து கும்புடறவரு.”

“அப்ப ரண்டும் ஒண்ணுதானுங்க அப்புச்சி. ரண்டு பேருமே கும்புடற வேலைதானுங்களே?”

பெயரன் கேட்டது நகைக்கத் தக்கதுதான். ஆயினும் அதில் ஓர் உண்மையும் உண்டு. தாத்தா அதற்கு ஈடாகச் சொன்ன ‘ஓட்டு’ம் தமிழன்று என்பது வேறு. ‘அபேட்சகர்’ என்னும் சொல்லைக் காதால் கேட்டு எவரும் பொருளுணர முடியாது. ‘வேட்பாளர்’ என்றால் வேட்பவர், விரும்பி நிற்பவர் என்று சொல்லே சொல்லிவிடும். 

‘அக்கிராசனாதிபதி’யைப் பாருங்கள். அக்கிர ஆசனம் என்றால் முதல் இருக்கை. அதன் அதிபதி அக்கிராசனாதிபதி. அந்தக் கணக்கில், காந்திபுரத்தில் முண்டியடித்து ஏறிப் பேருந்தின் முன்னிருக்கையைப் பிடித்துக் கொள்பவரும் அக்கிராசனாதிபதியே! ‘தலைவர்’ என்ற சொல்லுக்கோ இருக்கை தேவையில்லை. நின்றாலும் நடந்தாலும் சிறையில் இருந்தாலும் தலைவர் தலைவரே. 

‘காரியதரிசி’யும் அப்படித்தான். காரியத்தைத் தரிசிப்பவர், அஃதாவது வேலையைப் பார்த்துக் கொண்டிருப்பவர். பார்த்துக் கொண்டிருந்தால் வேலை நடக்குமா? ‘செயலாளர்’ வந்த பின்னரே கழகங்களில் செயல் நடக்கத் தொடங்கியது போலும்!

ஒன்றை ஈண்டு மறவாமற் கூறல் வேண்டும். அற்றை நாளில் இத்தலைப்புகளைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை. ‘அக்கிராசனர்’ என்று எழுதியவர் கற்றவர். ‘தலைவர்’ என்று எழுதியவர் நகைப்பிற்குரியவர். இன்று நிலைமை தலைகீழாயிற்று. சிரிப்பு இடம் மாறியிருக்கிறது. சிரிப்பு இடம் மாறினால், காது பழகியிருக்கிறது என்று பொருள். காது தானாகப் பழகாது; அதைப் பழக்கியவர் பலர்.

முதற்கண் இடர்ப்பாட்டை அறிதல் நன்று. சுதேசமித்திரன் 1882-இல் கிழமை இதழாகத் தொடங்கி 1899-இல் நாளிதழாயிற்று. உலகச் செய்திகள் ஆங்கிலத்தில் வந்து குவியும். அவற்றை அன்றே, அப்பொழுதே தமிழாக்க வேண்டும். 1904-இல் அவ்விதழில் சேர்ந்த பாரதியார் இத்தொல்லையை நேரே பட்டவர். ‘மெம்பர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி அவர் பட்ட பாட்டை அவரே கட்டுரையொன்றில் எழுதி வைத்துள்ளார். அவயவி என்று பார்த்தார், சரியாக வரவில்லை. அங்கத்தான் என்று பார்த்தார்; அதுவும் இசையவில்லை. சபிகன் என்று பார்த்தார். மக்களுக்கு விளங்காது என்று விட்டார். உறுப்பாளி என்றுகூட எண்ணிப் பார்த்தார். முடிவில், கைசோர்ந்து, ‘மெம்பர்’ என்றே எழுதிவிட்டார். சொல்லுக்கு வறுமையில்லாத பாவலரே அந்த ஒரு சொல்லுக்குத் தோற்றுப் போனார்.

ஆனால் எவ்வளவு அருகில் வந்து தோற்றார் என்பதைக் காண்க! ‘உறுப்பாளி’ வரை வந்தவர் இன்னும் ஓரடி வைத்திருந்தால் ‘உறுப்பினர்’ கிடைத்திருப்பார். இன்று ஊராட்சி உறுப்பினர் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் வரை அச்சொல்லின்றி ஒரு நாளிதழும் அச்சேறாது. பேரறிஞர்க்கு எட்டாத சொல் இற்றைச் சிறுவனுக்குப் பாடநூற் சொல். பாரதியாரைக் குறைகூற இது சொல்லப்படவில்லை. தமிழில் சொல் இல்லை என்று ஒருவர் கையை விரிக்கும்போது, இல்லாதது சொல்லன்று, தேடும் காலம் மட்டுமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடையாது.

தேடும் காலத்தைத் தந்தவர் பின்னர் வந்தனர். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கித் தம் பெயரையே தமிழாக்கிக் கொண்டார். ‘ஞானசாகரம்’ என்ற தம் இதழையும் ‘அறிவுக்கடல்’ ஆக்கினார். 1917-இல் திரு.வி.கலியாணசுந்தரனார் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, ஆங்கிலமும் வடமொழியும் மண்டிக் கிடந்த செய்தித்தமிழை நல்ல தமிழ் நடைக்குத் திருப்பினார். இதழின் பெயர் என்னவோ வடமொழிதான். உள்ளே ஓடிய ஆறு தமிழாறு. 

இவ்விருவரும் நெஞ்சால் தமிழை வளர்த்தவர். இனிக் கூறப்போவது நெஞ்சில்லாத ஒன்றைப் பற்றி. அது தமிழுக்கு அறியாமல் உதவிற்று. அதன் பெயர் பத்தி.

நாளிதழின் பக்கம் பல பத்திகளாகப் பிரிந்தது. ஒரு பத்தியின் அகலம் கைவிரல் மூன்று நான்குக்கு மேல் இராது. அதற்குள் தலைப்பைப் பெரிய எழுத்தில் அடக்கியாக வேண்டும். ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோத்த அச்சுக்கோப்பாளர் இலக்கணப் புலவர் அல்லர். வடமொழி வெறுப்பும் அவர்க்கு இல்லை. அவர்க்கு இருந்த கவலை ஒன்றே: ‘இந்தச் சொல் இந்த வரிக்குள் அடங்குமா?’ 

எழுத்தை எண்ணிப் பாருங்கள். ‘அக்கிராசனாதிபதி’க்கு ஒன்பது எழுத்து, ‘தலைவர்’க்கு நான்கு. ‘உபந்நியாசம்’ ஏழு; ‘உரை’ இரண்டு. ‘ஆகாய விமானம்’ ஏழு, ‘வானூர்தி’ நான்கு. ‘யுத்தம்’ நான்கு, ‘போர்’ இரண்டு. ‘விஜயம்’ நான்கு; ‘வருகை’ மூன்று. ‘பிரதம மந்திரி’ எட்டு, ‘முதல்வர்’ ஐந்து. 1937-இல் இராசாசி சென்னை மாகாண ஆட்சித் தலைமையை ஏற்றபோது அவரைப் ‘பிரதம மந்திரி’ என்றே குறித்தனர். எட்டெழுத்துப் பதவியை நாள்தோறும் தலைப்பில் தூக்கிச் சுமந்த அச்சுக்கோப்பாளர் கையை எண்ணினால் இன்றும் இரக்கம் பிறக்கிறது.

‘ஸ்ரீமான்’ என்ற சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ் எழுத்து மொத்தம் 247. அவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்ற வடவெழுத்துகளும் அவற்றின் உயிர்மெய் வரிசைகளும் தனித்தனி ஈய எழுத்தாகப் பெட்டியில் இடம் கேட்டன. போதாக்குறைக்கு ‘ஸ்ரீ’ என்று தனியொன்று. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்து, அரசு எழுத்துப் போக்குவரத்தில் ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’ என்பவற்றைத் ‘திரு’, ‘திருமதி’ என்று மாற்றினார். மேடையில் அது மொழி வெற்றி. அச்சகத்திலோ அது பெட்டி ஒழிந்த மகிழ்ச்சி!

இக்கணக்கில் பெருவெற்றி பெற்றது கோவைதான். ‘கோயமுத்தூர்’ ஆறெழுத்து. ‘கோயம்புத்தூர்’ ஏழெழுத்து. இந்நீளத்தைத் தலைப்பில் வைத்தால் ஊரின் பெயர் மட்டும் அடங்கும். அங்கு நடந்தது என்ன என்று சொல்ல இடமிராது. ‘கோவை’ என்பதோ இரண்டே எழுத்து. ‘கோவையில் மழை’ என்றால் ஊரும் வந்தது, மழையும் வந்தது. திருநெல்வேலி ‘நெல்லை’யாகவும், கும்பகோணம் ‘குடந்தை’யாகவும், உதகமண்டலம் ‘உதகை’யாகவும் நாள்தோறும் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்ந்தன. புலவர் பாட்டில் வாழ்ந்த இம்மரூஉப் பெயர்களைப் பாமரர் நாவிற்கு நாள்தோறும் கொண்டு சேர்த்தவை தலைப்புகளே.

இனி, கொங்கு நாட்டின் பங்கைப் பார்ப்போம் என்றால், ஈரோட்டை விட்டுவிட்டுப் பேச இயலாது. 1925-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் பெரியார் ஈரோட்டில் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவரிட்ட பெயர் ‘குடி அரசு’. குடி, அரசு என்னும் இரண்டும் எளிய தமிழ்ச் சொற்கள். அச்சொல்லை அவ்விதழ் புதிதாகப் படைக்கவில்லை. ஆனால் கிழமைதோறும் இதழின் நெற்றியில் வைத்து ஊர் ஊராக அனுப்பியது. 1950-இல் இந்தியா குடியரசானபோது, ‘ஜனாதிபதி’யும் ‘ராஷ்டிரபதி’யும் தலைப்புகளில் போட்டியிட்டன. ஆனாலும் இற்றைத் தமிழ் நாளிதழில் ‘குடியரசுத் தலைவர்’ நிலைத்துவிட்டார். தில்லியில் இருப்பவரின் பதவிப் பெயரில் ஈரோட்டு இதழின் பெயர் ஒட்டிக் கொண்டிருக்கிறது என்பது நினைத்து மகிழத் தக்க வேடிக்கை.

நேர்மையாகச் சொன்னால், அவ்விதழின் தொடக்கக்காலத் தமிழும் வடசொல் நிறைந்ததே. அவ்வியக்கத்தின் பெயரே ‘சுயமரியாதை’. ‘தன்மதிப்பு’ என்பது பின்னர் வந்தது. மொழியில் ஈரோடு செய்த பெரும்பணி சொல்லில் அன்று, எழுத்தில். ‘ணா’, ‘றா’, ‘னா’, ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ முதலிய பதின்மூன்று எழுத்துகள் முன்பு வளைந்தும் கொக்கி போட்டும் தும்பிக்கை தூக்கியும் நின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஈய எழுத்து வேண்டும். அவற்றை மற்றை எழுத்துகளைப் போலவே நேராக்கி 1935-இல் ‘குடி அரசு’ அச்சிட்டது. கண்டவர் சிரித்தனர். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1978-இல் ம.கோ.இராமச்சந்திரன் தலைமையிலான தமிழக அரசு அவ்வடிவங்களையே அரசாணையாக்கியது. இன்று பழைய தாளில் தும்பிக்கை வைத்த ‘லை’யைக் காணும் சிறுவன், ‘இதென்ன யானை?’ என்று சிரிக்கிறான். இங்கும் சிரிப்பு இடம் மாறிவிட்டது.

பத்தி ஒரு வாயில் என்றால், அலுவலகம் மற்றொரு வாயில். எல்லாச் சொல்லும் சிறிதாய் இருந்து வென்றதில்லை. ‘ஜில்லா’ மூன்றெழுத்து; ‘மாவட்டம்’ ஐந்தெழுத்து. பத்திக் கணக்கில் பார்த்தால் ஜில்லாவே வென்றிருக்க வேண்டும். ஆயினும் மாவட்டம் வென்றது. ஏன்? ஆட்சி அதனைக் கையாண்டது. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிற்று. அந்நாளில் மாநில நிதியமைச்சராய் இருந்தவர், பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம். அதற்குப் பத்தாண்டுகட்கு முன்னரே, 1946-இல், கல்வியமைச்சராய் இருந்த திருப்பூர் அவினாசிலிங்கனார் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகம் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. முதல் தொகுதி 1954-இல் வந்தது. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் கொங்கு நாட்டுப் பெரியசாமித் தூரன். ஆயிரமாயிரம் அறிவியற் செய்திகளைத் தமிழில் சொல்லிக் காட்டிய அப்பணி, ‘தமிழில் சொல்ல முடியாது’ என்ற வாயை அடைத்தது. அரசாணையிலும் பாடநூலிலும் ஏறிய சொல், நீளமாயினும் தலைப்பில் ஏறியே தீரும்.

இதுகாறும் சிரிப்பு. இனிச் சற்றே சிரிப்பை நிறுத்த வேண்டிய இடம்.

1965-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்தது. பொள்ளாச்சியில் பிப்பிரவரி 12-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. சத்தியமங்கலம் முத்து, பீளமேடு தண்டாயுதபாணி என்னும் கொங்கு இளைஞர்கள் தம் உயிரையே மொழிக்கு ஈந்தனர். ஒரே நிகழ்வைக் ‘கலவரம்’ என்றும் தலைப்பிடலாம். ‘போராட்டம்’ என்றும் தலைப்பிடலாம். இரண்டுமே தாளில் ஒரே இடத்தைத்தான் அடைக்கும். ஆனால் ஒன்று சுட்டவனின் சொல். மற்றொன்று சுடப்பட்டவனின் சொல். தலைப்பு எழுதுபவன் சொல்லைத் தேர்வு செய்யும்போது, அவன் அறியாமலே யார் பக்கம் நிற்கிறான் என்பதையும் தேர்ந்து விடுகிறான்.

தனித்தமிழ் அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. தூய தமிழ்ச் சொல் என்பதாலேயே ஒரு சொல் தூய்மையாகி விடாது. ‘அழகி’ என்பது எவ்வளவு இனிய தமிழ்ச்சொல்! காவல் துறை பிடித்துச் சென்ற ஏழைப் பெண்ணை ‘அழகி’ என்று தலைப்பிட்டுத் தலைப்பிட்டு, அச்சொல்லை ஒரு தாய் தன் மகளைப் பார்த்துக் கூசாமல் சொல்ல முடியாதபடி செய்துவிட்டனர். ‘கற்பழிப்பு’ என்பதில் ஒரு வடவெழுத்தும் இல்லை; ஆனால் அச்சொல் கொடுமை செய்தவனை விட்டுவிட்டு, கொடுமைக்கு ஆளானவளிடம் ஏதோ அழிந்து போனதாகப் பழி கூறுகிறது. இன்று அதனை நீக்கிப் ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதும் வழக்கம் வந்திருப்பது நன்று. எழுத்து மிகுந்தாலும் அறம் மிகுந்தது. பழைய தாள்களைப் புரட்டுவோர் அக்கிராசனரைக் கண்டு சிரிக்கலாம். இத்தலைப்புகளைக் கண்டு வெட்க வேண்டும்.

மீண்டும் சிரிப்புக்கு வருவோர், இம்முறை தனித்தமிழாரைப் பார்த்தே சிரிக்க வேண்டியிருக்கிறது. தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத இயக்கம் பிறரைப் பார்த்துச் சிரிக்கத் தகுதியற்றது. 

இரயிலுக்குப் ‘புகைவண்டி’ என்று பெயர் வைத்தனர். நல்ல பெயர், கரி எரித்துப் புகை கக்கி ஓடியவரை. மின்சாரம் வந்து புகை நின்றது. பெயரில் மட்டும் புகை நிற்கவில்லை. புகையில்லாப் புகைவண்டி என்று பிறர் எள்ளிய பின்னர்த் ‘தொடர்வண்டி’ வந்தது. தோற்றத்தை வைத்துப் பெயரிட்டால் தோற்றம் மாறும்போது பெயர் பொய்த்துப் போகும் என்பது அதனால் கற்ற பாடம். 

‘கலெக்டர்’ என்ற ஐந்தெழுத்தை விரட்ட ‘மாவட்ட ஆட்சித் தலைவர்’ என்ற பன்னிரண்டெழுத்துப் படையை அனுப்பினர். படை பெரிதாயிருந்ததால் பத்திக்குள் நுழைய முடியவில்லை. கலெக்டர் அசையாமல் அமர்ந்திருந்தார். ‘ஆட்சியர்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் வந்த பிறகே நாற்காலி ஆட்டங் கண்டது. ‘பஸ்’ இரண்டெழுத்து, ‘பேருந்து’ நான்கு. பேருந்து எழுத்தில் வென்றுவிட்டது. பேச்சில் இன்னும் ஓடி ஏறிக் கொண்டிருக்கிறது. ஆனால் பஞ்சாலை நகராகிய கோவைக்கு ஒரு தனி வினா உண்டு. ‘மில்’ இரண்டெழுத்து, ‘ஆலை’யும் இரண்டெழுத்து. 1888-இல் இந்நகரில் முதல் பஞ்சாலை எழுந்த நாள் முதல் இக்கணக்கு மாறவில்லை. இடமும் மிஞ்சவில்லை, எழுத்தும் மிஞ்சவில்லை; பின்னும் ‘மில்’ என்று சொல்ல என்ன காரணம்? பழக்கம் என்ற ஒன்றைத் தவிர வேறில்லை!

எளிமையின் வலிமையை நன்கு உணர்ந்தவர் சி.பா.ஆதித்தனார். 1942-இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கியவர், ‘நாம் தமிழர்’ இயக்கத்தை நடத்தியவரும் அவரே. இதழியலாளர்க்கென்று அவர் எழுதிய ‘இதழாளர் கையேடு’, மக்கள் பேசும் எளிய சொல்லில், சிறிய சொற்றொடரில் எழுதப் பயிற்றியது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவரெல்லாம் தேநீர்க் கடையில் நாளிதழ் படிக்கும் நிலை அதனால் வந்தது. இங்கும் ஒரு வேடிக்கை உண்டு. 2013 சூலைத் திங்களில் இந்தியாவில் தந்திப் பணி நிறுத்தப்பட்டது. தந்தி போய்விட்டது, தந்தியின் பெயர் தாங்கிய இதழ் நாள்தோறும் வந்து கொண்டிருக்கிறது. பொருள் மறைந்தாலும் தலைப்பில் ஏறிய சொல் மறைவதில்லை என்பதற்கு இதுவும் சான்று.

இற்றை நிலைக்கு வருவோம் எனில், செய்தித்தாளின் பத்தி இப்போது கைப்பேசித் திரையாகச் சுருங்கிவிட்டது. முன்பு மூன்று விரல் அகலம். இன்றும் ஏறத்தாழ அதே அகலந்தான். ஆனால் அதில் வரும் தலைப்புகளோ ‘ஷாக்’, ‘வைரல்’, ‘அப்டேட்’, ‘மாஸ்’ என்று தொடங்குகின்றன. நூறாண்டுகட்கு முன்னர்ப் பட்டி தொட்டியெல்லாம் ‘விஜயம்’ செய்த வடமொழி விடைபெற்றுச் சென்ற நாற்காலியில், ஆங்கிலம் வந்து அக்கிராசனம் ஏறியிருக்கிறது. அன்று கற்றவர் என்று காட்ட வடசொல். இன்று புதியவர் என்று காட்ட ஆங்கிலச்சொல். ஆளும் ஆசையும் அதுவே. உடை மட்டும் வேறு.

ஊர்ப்பெயரிலும் அப்படியொரு கூத்து நடந்தது. 2020 சூன் திங்களில் தமிழக அரசு 1018 ஊர்களின் பெயரைத் தமிழில் ஒலிப்பது போலவே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. நோக்கம் நன்று. ஆனால் கோயம்புத்தூருக்கு அவர்கள் அமைத்துக் கொடுத்த ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கண்டு கோவையே திகைத்து நின்றது. எங்கே எந்த எழுத்தை இரட்டிப்பது என்று ஊரெங்கும் பேச்சு. ஓரிரு கிழமைக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில எழுத்தில் தமிழை எப்படி எழுதுவது என்று அரசு குழம்பிய அந்நாளிலும், தமிழ் நாளிதழ்த் தலைப்பில் ‘கோவை’ இரண்டெழுத்தாக அமைதியாய் வீற்றிருந்தது!

2010 சூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கோவையில் நடந்தது. அவ்வைந்து நாளும் கோவையின் பெயர் தமிழோடு சேர்ந்தே தலைப்புகளில் வந்தது. ‘மகாநாடு’ என்று ஒருவரும் எழுதவில்லை. ‘மாநாடு’ என்றே எழுதினர். தமிழை ஏற்காதவரும் அப்படித்தான் எழுதினர். ஒரு மொழி வென்றது என்பதன் அடையாளம் அதுவே: அதனை ஏற்காதவரும் அறியாமலே அதன் சொல்லைப் பயன்படுத்துவது.

பெருமக்களே! பழந்தலைப்புகள் விட்டுச் சென்ற பாடம் இதுதான். பத்தி எவர்க்கும் உறவினன் அன்று. எவர் சுருங்கிய, விளங்கிய, நாவில் நிற்கும் சொல்லைக் கொண்டு வருகிறாரோ அவர்க்கே அது இடம் தரும். ‘தலைவர்’ போல் நான்கெழுத்தில் வந்தால் ஒன்பதெழுத்து அக்கிராசனாதிபதி எழுந்து போவார். பன்னிரண்டெழுத்துச் சொல்லைச் சுமந்து சென்று பத்தியின் வாயிலில் நின்று, ‘தமிழுக்கு இடமில்லையா?’ என்று அழுவதில் பயனில்லை. ‘ஷாக்’ என்பதை வைவதைவிட, அவ்விடத்தில் ‘அதிர்வு’ என்று எழுதிக் காட்டுவதே வெற்றி. எழுதிக் காட்டினால் முதலில் சிரிப்பர். சிரிக்கட்டும். ‘வேட்பாளர்’ என்றபோதும் சிரித்தனர். நேராக்கிய ‘லை’யைக் கண்டும் சிரித்தனர்.

இன்னும் ஐம்பதாண்டு கழித்து, கொங்கு நாட்டுத் திண்ணை ஒன்றில் ஒரு பெயரன் இற்றைத் தலைப்பு ஒன்றை எடுத்துக் காட்டி, “ஏனுங் அப்புச்சி, ‘அப்டேட்’டுன்னா என்னங்க?” என்று கேட்பானா? அல்லது, “வேட்பாளருன்னா என்னங்க?” என்று கேட்பானா? இரண்டில் எது அவனுக்குச் சிரிப்பூட்ட வேண்டும் என்பது, இன்று ஒவ்வொரு தலைப்பையும் எழுதுவோர் கையிலும் அதைப் படித்துப் பின் பேசுவோர் நாவிலும் இருக்கிறது.

அதுவரை அவிநாசிச் சாலை நடத்துநர் ‘நவ இந்தியா’ என்றே கூவட்டும். இறங்குவோர் மட்டும் ஒரு நொடி நின்று, அங்கே ஒரு நாளிதழ் இருந்தது, அதற்கும் தலைப்புகள் இருந்தன, அத்தலைப்புகளிலும் ஒரு தமிழ் இருந்தது என்பதை நினைத்துவிட்டு நடக்கட்டும்.